காணாமல் போன பேய்க்கணவாய்

எங்கள் மாடியறையில் குடியிருந்த ஸ்டேலியோவைப் பார்க்க, அவன் அம்மா கிளாரெட் ரொட்ரீக்ஸ் தீவிலிருந்து கப்பலேறி வந்தாள். எங்கள் தலைநகர் போர்ட் லூயிஸ் அவளுக்குப் புதிது. வந்த அன்றே என்மேல் சந்தேகம். நான் கொடுத்த பிரியாணியை முகர்ந்து பார்த்துவிட்டு, "எதுக்கு மதாம் இவ்வளவு உபசாரம்?" என்றாள். நானோ விதவை, அவள் மகனோ வாலிபன். அவள் மனசு போன போக்கு எனக்குப் புரிந்தது.

மகனுக்கென்று காயவைத்துக் கொண்டுவந்த எட்டுக்கால் பேய்க்கணவாயை என் சமையலறையில் தொங்கவிட்டிருந்தாள். அது நாளுக்கு நாள் குறைந்தது.

"உங்க வீட்ல பூனை இருக்கா, மதாம்?"

"இல்லையே."

"அப்போ ரெண்டு கால் பூனைதான்," என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. சனிக்கிழமை மத்தியானம் ஸ்டேலியோ தூக்குச்சட்டியோடு பின்வாசலில் நழுவுவதைக் கண்டதும் அவளிடம் ஓடினேன்.

"இந்த நஸ்மா திருடியா இல்லையான்னு அப்புறம் பேசுவோம். இப்ப வாங்க, உங்க பூனையைக் காட்டறேன்."

சந்தை நெரிசலில் அவன் முதுகைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போனோம்.

"பொம்பளை விஷயம்தான். சீனப் பொண்ணா, இந்துப் பொண்ணா? இல்ல, உங்க ஆளா?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள்.

"எங்க ஆளா இருந்தா எனக்குத் தெரியாமலா இருக்கும்?"

"அதான் கேக்கறேன்."

சீனத் தெருவில், நூடுல்ஸ் கடைக்கு மேலே ஓர் அறைக்குள் நுழைந்தான். கதவு சாத்தியிருக்கவில்லை. கட்டிலில் ஒரு கிழவர். ஒரு கை செத்துக் கிடந்தது. ஸ்டேலியோ அவருக்குத் தூக்குச்சட்டியிலிருந்து பேய்க்கணவாய்க் குழம்பு ஊட்டிக்கொண்டிருந்தான்.

"கேத்தான்!" என்றாள் கிளாரெட்.

மீன் பிடிக்கப் போய், படகு மட்டும் கரை ஒதுங்கியதென்று ஊரே அழுத அவள் புருஷன்.

"உன் ஆத்மா சாந்திக்கு வருஷம் தவறாம பூசை வெச்சேனேடா, பாவி!"

கிழவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஸ்டேலியோ எழுந்தான். "மம்மா, ஆஸ்பத்திரியிலேர்ந்து எனக்கு ஆள் அனுப்பினார். உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்." பிறகு கட்டிலைப் பார்த்து, "யாரோட இருந்தே?" என்றாள்.

"அவ செத்துட்டா," என்றார் சுவரைப் பார்த்தபடியே.

"நிஜமாவா? உன்னை மாதிரியா?"

அவள் படியிறங்கினாள். வழியெல்லாம் என் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

அன்றிரவு மகனிடம் ஒன்றுதான் சொன்னாள்: "அவனுக்குச் சோறு போடறது உன் இஷ்டம். எனக்கு அவன் செத்தவன்."

ஊர் திரும்பும் அவளை வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போனேன்.

"ஊர்ல மூச்சு விடமாட்டேன் மதாம். விதவைன்னா மரியாதை. விட்டுட்டுப் போனவன் பொண்டாட்டின்னா சிரிப்பாங்க." சற்று நின்றாள். "என் மகன் வேற எதையாவது மறைக்கிறானா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லை."

என் முகத்தையே பார்த்தாள். நம்பியதாகத் தெரியவில்லை.