மதினியின் இரத்தம்

கைருன்னிஸாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி ஒன்றரை வருடம். கணவன் விட்டுப்போன பிறகு, மகள் அம்ஹாவோடு கல்முனையில் அண்ணன் முபாறக் காக்காவின் வீட்டில் இருந்தாள். கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்க அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது காக்காதான். "இன்னும் எவ்வளவு காலத்துக்கு இரிப்பா டொக்டர்?" என்று ஒவ்வொரு மாதமும் கேட்பான். அவன் பாசத்தை நினைத்து அவள் கண் கலங்குவாள்.

ஒருநாள் காலை, காக்கா கடைக்குப் போன பிறகு, காப்புறுதிக் கம்பனியிலிருந்து நிரோசன் என்ற இளைஞன் வந்தான்.

"உங்கட பேரில ஐம்பது லட்சத்துக்கு ஆயுள் காப்புறுதி இருக்கு அக்கா. பெரிய தொகை எண்டதால நேரில பாத்திட்டு வரச் சொன்னவங்க."

சொல்லும்போதே அவன் பார்வை, ஊசி ஏறி ஏறிப் புடைத்திருந்த அவளுடைய இடக்கையில் நின்றது. குழப்பத்தோடு பைலைப் புரட்டினான்.

"இரத்தப் பரிசோதனையில ஒரு வருத்தமும் இல்லையெண்டு இருக்கே?"

அவள் வாங்கிப் பார்த்தாள். கையொப்பம் அவளுடையதல்ல. பணம் பெறுபவர் முபாறக். பரிசோதனைத் திகதி, அவள் நாள் முழுக்க ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த திகதி. அன்று காலை காக்காவின் மனைவி, மதினி ஸுஹைறா, முகத்தை மூடிக்கொண்டு, இவளுடைய அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் போனது நினைவுக்கு வந்தது.

சமையலை விட்டுவிட்டு வந்து குசினி வாசலில் நின்ற மதினி, காட்டிக்கொடுக்காதே என்று கைகூப்பினாள்.

கூடப்பிறந்தவன் மாதா மாதம் விசாரித்தது எதை என்று கைருன்னிஸாவுக்கு இப்போதுதான் விளங்கியது.

"அது என்ட ரெத்தமில்ல தம்பி. எழுதிக்கங்க."

பகல், விஷயம் கேள்விப்பட்டுக் காக்கா கத்திக்கொண்டு வந்தான். "நீ மௌத்தானா அம்ஹா நடுத்தெருவுல நிப்பாளே! அவளுக்காகத்தானே செஞ்சன்!"

"அப்ப அவள்ர பேரை ஏன் போடல்ல காக்கா?"



கம்பனி காப்புறுதியை ரத்துச் செய்து பொலிஸில் முறையிட்டது. அவளும் போய் வாக்குமூலம் கொடுத்தாள். திரும்பி வந்தபோது அவளுடைய உடுப்புகளும் அம்ஹாவின் புத்தகங்களும் வாசலுக்கு வெளியே கிடந்தன. மருதமுனையில் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது.

சோறு போட்ட காக்காவைப் பொலிஸுக்கு இழுத்தவள் என்று சொந்தங்கள் கதைத்தார்கள். "சாகப்போறவளுக்கு இந்த வீம்பு என்னத்துக்கு?" என்று ஒருத்தி முகத்துக்கு நேரேயே கேட்டாள்.

"இன்னும் சாகல்லியே," என்றாள் கைருன்னிஸா.