அப்பா குடித்த தண்ணீர்

மருதையன் தலையாட்டுவதை நம்பி யாரும் எதுவும் செய்யக்கூடாது என்பது பூதலூர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வாயைத் திறந்து ‘சரி’ என்று சொல்லிவிட்டால் தலை போனாலும் செய்துவிடுவார். வெறுமனே தலையை ஆட்டினால், நீ சொன்னது காதில் விழுந்தது என்று மட்டுமே பொருள். அவர் மகள் சுடர்விழிக்கும் இது தெரியும். தெரிந்தே ஏமாந்தாள்.

தை அறுவடையின்போது மனிதர் வரப்பிலேயே மயங்கி விழுந்தார். திருச்சியில் நர்ஸாக இருக்கும் சுடர்விழியும் சென்னையில் இருக்கும் தம்பி செழியனும் கலந்து பேசினார்கள். இந்த வருஷம் நிலத்தைப் பக்கத்து வீட்டுப் பக்கிரிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு அப்பா ஓய்வெடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அப்பா தலையாட்டினார். திங்கட்கிழமை காலை பக்கிரி வெற்றிலை பாக்கோடு வந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு. அதற்கு முந்தின சனி, ஞாயிறை அப்பா கலகலப்பாகக் கழிக்கட்டும் என்று பிள்ளைகள் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள்.

சனிக்கிழமை முழுக்கக் கறிச்சோறு, மாம்பழம், வறண்டு கிடந்த ஆற்று மணலில் கிரிக்கெட். ஞாயிறு விடிந்ததும் வேன் பிடித்துத் தரங்கம்பாடிக்குக் கிளம்பினார்கள்.

தஞ்சாவூர் தாண்டுவதற்குள் அப்பா ஏசியை அணைக்கச் சொன்னார். சித்திரை வெயிலில் குளிர்கிறதாம். கும்பகோணத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார், மயிலாடுதுறையில் மறுபடியும். இறங்கும்போதெல்லாம் கையில் ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கும், ஏறும்போது அது காலியாக இருக்கும். கேட்டால் கால் மரத்துப்போச்சு என்பார். வேனுக்குள் ஏதோ புளித்த வாடை வேறு. கட்டுச்சோறு கெட்டுவிட்டதோ என்று செழியன் இரண்டு தடவை மோந்து பார்த்தான்.

தாகம், அடிக்கடி இறங்குவது, குளிர், போதாததற்குத் தையில் வந்த மயக்கம். சர்க்கரை நோயேதான் என்று சுடர்விழி கணக்குப் போட்டாள். ஊரார் வீட்டுச் சர்க்கரையையெல்லாம் கண்டுபிடித்தவள், சொந்த அப்பனைக் கவனிக்காமல் விட்டோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது. அம்மா வேம்புவிடம் மெதுவாகக் கேட்டாள். தண்ணி குடிச்சா நல்லதுதானே என்றுவிட்டு, அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா அப்படித் திரும்பினால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

தரங்கம்பாடியில் எல்லோரும் கோட்டையைப் பார்க்க இறங்கினார்கள். தான் வேனிலேயே நிழலில் இருப்பதாக அப்பா சொன்னார். சுடர்விழி கைப்பையிலிருந்து சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்து, அவர் விரலைப் பிடித்துக் குத்திவிட்டாள். நூற்றுப் பதினெட்டு. நாலு இட்லி தின்ற கிழவருக்கு இது மற்றவர்கள் பொறாமைப்பட வேண்டிய கணக்கு. அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் சும்மா இருக்கவில்லை. அப்படியானால் அவ்வளவு தண்ணீரும் எங்கே போனது?

கடலைப் பார்க்கப் போவதுபோல் நடந்து, ஒரு ஐஸ்கிரீம் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். இரண்டு நிமிஷம் ஆகவில்லை. அப்பா பாட்டிலோடு இறங்கி, அக்கம்பக்கம் பார்த்து, வேனின் பின்கதவைத் திறந்தார்.

சுடர்விழி போய்ப் பக்கத்தில் நின்றாள். உள்ளே விரித்திருந்த பாயை விலக்கினால் ஒரு ஈரச் சாக்கு. காய்ச்சல்காரன் நெற்றியில் வைப்பதுபோல் புறங்கையை வைத்தாள். கதகதவென்று இருந்தது. சாக்கின் வாயை அவிழ்த்தாள். உள்ளே விதைநெல், ஒவ்வொன்றிலும் எள்ளளவு வெள்ளை முளை.

"வீட்லயே வச்சிட்டு வந்திருக்கலாம்லப்பா?"

"யாரு தண்ணி தெளிக்கிறது? பக்கத்து வீடு பக்கிரி வீடு. அவன்கிட்டயா சொல்லிட்டு வரச் சொல்ற?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே கோபமும் வந்தது. அப்போ குத்தகைக்குச் சம்மதித்தது என்ன ஆயிற்று என்று கேட்டாள். தலையைத்தானே ஆட்டினேன் என்றார். ஆற்றில் தண்ணீர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லையாம், மோட்டார் இருக்கிறதாம், நாற்றங்காலும் தயாராம். பிறகு பாட்டிலை மூடியபடியே சொன்னார்:

"நாலு மாசமா காலையில எந்திரிச்சு எங்க போறதுன்னே தெரியலம்மா."

சுடர்விழி சாக்கின் வாயைத் திரும்பக் கட்டினாள். எப்போது விதைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள். இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள், அதுவரை சாக்கில் சூடு குறையக்கூடாது என்றார். விட்டால் வேர் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், அப்புறம் மாட்டுக்குத்தான் போட வேண்டும்.

மணி பன்னிரண்டு. அவள் எதுவுமே செய்ய வேண்டாம். குழந்தைகள் கேட்கிறார்கள் என்று சாயங்காலம்வரை கடற்கரையில் உட்கார்ந்திருந்தாலே போதும். மூட்டை தானாக வீணாகும், நாளைக்குப் பக்கிரி வருவான், அப்பாவும் வரப்பில் விழ மாட்டார். இவ்வளவு சுலபமாக ஒரு காரியம் முடியும் என்பதே அவளுக்குப் பயமாக இருந்தது.

"செவ்வாக்கிழமை எங்க ஆஸ்பத்திரிக்கு வரணும். ஹார்ட்டை முழுசாப் பார்க்கணும். டாக்டர் வயல்ல இறங்கக்கூடாதுன்னா, இறங்கக்கூடாது. ஆள் வச்சுத்தான் பார்க்கணும்."

மருதையன் தலையாட்டினார்.

"தலையெல்லாம் வேணாம்ப்பா. வாயால சொல்லுங்க."

அவர் கடலைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார். மகள் விடுவதாக இல்லை.

"சரி," என்றார்.

அவள் பாட்டிலை வாங்கி, மிச்சத் தண்ணீரைச் சாக்கின் மேல் தானே தெளித்துவிட்டு, எல்லோரையும் கூப்பிடப் போனாள். குழந்தைகள் அழ அழ ஒரு மணிக்கெல்லாம் வேன் கிளம்பியது. டிரைவர் ஏசியைப் போட்டார். அதை அணைக்கச் சொன்னவள் சுடர்விழி.