வலது ஓரம்

கேமரா லென்ஸை என் மேசையில வைக்கும்போதே என் தம்பிக்கு வாயெல்லாம் பல்லு. அதைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சல். ஊரெல்லாம் ஒரு விலைக்கு விக்கிற சாமானை மூணுல ஒரு பங்குக்கு வாங்கிட்டு வந்திருக்கான். அதுவும் போன்ல பார்த்து, முகம் தெரியாத ஒரு கடையில.

“பாருக்கா. ஒரிஜினலா, டூப்ளிகேட்டா? நீ சொன்னா சரி.”

“வாங்குறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியதை வாங்கின பிறகு கேக்குற பாரு, உன்னை என்ன செய்யலாம்? பழைய லென்ஸ் எங்கடா?”

“எதிர்க்கடையில வித்துட்டேன்.”

அடப்பாவி! நாளைக்குக் காலையில அவனுக்குப் பள்ளிக்கூடத்துல படம் எடுக்கிற வேலை. இருபத்திரெண்டு வகுப்பு, எல்லாம் குழுப் படம். எட்டு மாசமா ஈ ஓட்டிட்டு இருந்தவனுக்கு வந்த ஒரே வேலை. நல்லா வந்தா வருஷா வருஷம் அவனுக்கேன்னு தலைமை ஆசிரியை சொல்லியிருக்காங்க. என் அலமாரியில இருக்கிற ஒண்ணுகூட அவன் கேமராவுக்குச் சேராது. டூப்ளிகேட்னா, வாங்கின இடத்துல சாயங்காலம் ஆறு மணிக்குள்ள திருப்பிக் கொடுத்தா முழுப் பணமும் வரும், பழைய லென்ஸையே மீட்டுக்கலாம். மீட்க எங்க ரெண்டு பேர்கிட்டயும் வேற காசு இல்ல. அப்போ மணி நாலு.

பத்தொன்பது வருஷமா இதே மேசையில லென்ஸைப் பிரிச்சுப் பூட்டுறவ நான். தராசுல வச்சேன், கிராம் பிசகல. எழுத்துல பிசிறு இல்ல. அடியில இருந்த நம்பரும் பெட்டி நம்பரும் ஒண்ணுதான். வளையத்தைத் திருப்பினேன், வெண்ணெய் மாதிரி சுத்துச்சு. எனக்கே சந்தோஷம் வந்துடுச்சு. நம்ம பயலுக்கும் ஒரு நல்ல காலம் வருதேன்னு நினைச்சேன்.

“ஒரிஜினல்தான் போல இருக்குடா. உனக்கு மச்சம்!”

அதோட விட்டிருக்கலாம். என் கை சும்மா இருக்குமா? வளையத்து மேல இருக்கிற ரப்பரை மெல்ல உருட்டித் தூக்கினேன். அடியில மூணு திருகு. நடுத் திருகு மேல கத்திரிப்பூ நிறத்துல ஒரு சொட்டு நகப்பூச்சு காய்ஞ்சு கிடந்தது.

அது என் அடையாளம். நான் பிரிச்ச லென்ஸை வேற யாராவது திறந்தா தெரியணும்னு, என் மகளோட நகப்பூச்சை ஒரு சொட்டு வைப்பேன். இந்த ஊர்ல வேற யாரும் அப்படிச் செய்யறதில்ல.

நாலு வருஷம் முன்னாடி ஒருத்தர் கீழே போட்டு உடைச்ச லென்ஸ் இது. உள்ள ஒரு கண்ணாடி விரிசல். அசல் கண்ணாடி கிடைக்கல. “விக்கத்தானே போறேன், எதையாவது போட்டு மூடுங்கம்மா”ன்னு நச்சரிச்சார். ஒரு போலி லென்ஸைப் பிரிச்சு, அதுல இருந்த கண்ணாடியைப் போட்டு மூடினேன். வலது ஓரம் மங்கலா விழுந்தது. ஓரத்தை எவன் பாக்கப் போறான்னு அப்ப நினைச்சேன்.

கேமராவுல மாட்டி எதிர்ச்சுவர் காலண்டரைப் படம் எடுத்தேன். நடுவுல இருந்த தேதியெல்லாம் பளிச்சுன்னு இருந்தது. வலது ஓரத்து வரிசையைப் படிக்கவே முடியல.

“திருப்பிக் கொடுத்துடுடா. உள்ள இருக்கிற ஒரு கண்ணாடி போலி. போட்டது நான்தான்.”

அவன் சிரிச்சான். நான் கிண்டல் பண்றேன்னு நினைச்சிருக்கான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்னுடுச்சு. உடனே கடைக்காரனுக்குப் போன் போட்டு, எனக்கும் கேக்குற மாதிரி சத்தமா வச்சான்.

“உங்க அக்கா சொல்றது இருக்கட்டும் சார். பெட்டிக்குள்ள மெக்கானிக் கொடுத்த சீட்டு இருக்கு பாருங்க. அதை நம்பித்தான் நாங்களே வாங்கினோம்.”

தம்பி சட்டைப்பையில இருந்து ஒரு சீட்டை எடுத்தான். பிரிக்கும்போதே தெரிஞ்சுடுச்சு, என் கடை முத்திரை. ‘சோதித்துச் சரி பார்க்கப்பட்டது.’ கீழ என் கையெழுத்து. அன்னைக்குக் கூட்டத்துல, ஆளைக் கிளப்பினா போதும்னு குத்திக் கொடுத்தது.

“இதைப் பார்த்துத்தான்கா தைரியமா வாங்கினேன். முன்னாடியே காட்டினா உனக்குத் தலைக்கனம் ஏறிடும்னு ஒளிச்சு வச்சேன்.”

போனை நான் பிடுங்கினேன். “அந்த மெக்கானிக் நான்தான். அது பொய்ச் சீட்டு. எழுதியே தர்றேன், லென்ஸை எடுத்துக்குங்க.”

“அன்னைக்குச் சரின்னு எழுதினீங்க, இன்னைக்கு இல்லைன்னு எழுதுறீங்க. எதைம்மா நான் நம்புறது?” அவ்வளவுதான், வச்சுட்டான். மறுபடி மறுபடி போட்டேன், எடுக்கவே இல்ல. ஆறு மணியும் ஆச்சு.

தம்பி என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தா தேவலை. கழுத்தை நெரிச்சிருந்தாலும் வாங்கிட்டிருப்பேன். அவன் லென்ஸை உறையில போட்டுக் கட்டினான். வாசல் வரைக்கும் போனவன் திரும்பினான்.

“சரிக்கா. நாளைக்கு வலது ஓரத்துல யாரை நிக்க வைக்கிறது?”