வெறும் தண்ணீர் டியூப்

முன் சீட் இயந்திரத்துக்கு. அது குலுங்கக் கூடாது. சீட் பெல்ட்டையும் அதற்கே போட்டாயிற்று. பின் சீட்டில், ரசாயனங்கள் வைத்த ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சயின்டிஸ்ட் உட்கார்ந்திருந்தார். அங்கே பெல்ட் அறுந்து நாலு மாதமாகிறது. ஒன்பது வருடம் வெளிநாட்டில் மூலக்கூறு உயிரியல் படித்துப் பட்டம் வாங்கித் திரும்பியவருக்கு நாடு கொடுத்த இடம் இதுதான் என்று யாராவது சொன்னால், அது கொஞ்சம் மிகை. ஆனால் அவர் உட்கார்ந்திருந்த இடம் இதுதான்.

ஆய்வகக் கருவிகள் விற்கிற அந்த அலுவலகத்தில் எல்லோரும் அவரை சயின்டிஸ்ட் என்றே கூப்பிட்டார்கள். பாதி மரியாதை, பாதி நக்கல். எப்போது எந்தப் பாதி என்பது கூப்பிடுகிறவரின் அன்றைய மூடைப் பொறுத்தது. விற்பனைக்காரன் ஆள் பிடித்துக் கொடுப்பான். சயின்டிஸ்ட் போய் இயந்திரத்தை ஓட்டிக் காட்டுவார். இதுதான் வேலை. இப்போது வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவன்தான் அந்த விற்பனைக்காரன். வாயைத் திறந்தால் டார்கெட், மூடினால் டார்கெட் என்று இருந்ததில் அதுவே அவனுக்குப் பெயராகிவிட்டது.

"சார், இன்னைக்கு ஒரு நாள் கொஞ்சம் சிரிச்ச முகமா இருங்க," என்றான் டார்கெட். "போன தடவ வாங்க வந்த ஆளுகிட்டயே, 'இந்த மெஷின் உங்களுக்குத் தேவையில்ல'ன்னு சொல்லிட்டீங்க."

"அவங்களுக்கு நெஜமாவே தேவையில்லப்பா."

"தேவைன்னு பாத்தா யாருக்கு என்ன சார் தேவை? எனக்குக் கல்யாணம் தேவையா? பண்ணி வைக்கலையா?" கண்ணாடியில் அவரைப் பார்த்தான். குரலைக் கொஞ்சம் இறக்கினான். "முதலாளி உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

"சொன்னாரு."

முதலாளி நேற்றே சொல்லியிருந்தார். கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, மெதுவான குரலில் சொன்னார். இன்று போகிற லேப் இயந்திரத்தை வாங்கினால் சயின்டிஸ்ட் வேலையில் இருக்கலாம். வாங்காவிட்டால் அந்தப் பதவியே வேண்டாம், ஓட்டிக் காட்ட ஒரு வீடியோ எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். முதலாளி சத்தம் போடுகிற நாளில் யாரும் பயப்படுவதில்லை. டீ வாங்கிக் கொடுத்தால்தான் பயம்.

சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு படிவம் இருந்தது. படித்த பல்கலைக்கழகம் அனுப்பியது. நாடு திரும்பிய வெளிநாட்டு மாணவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறார்களாம். முதல் பக்கத்தை ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிட்டார்: பெயர், ஆண்டு, ஆய்வுத் தலைப்பு. இரண்டாம் பக்கத்தில் தற்போதைய பணி, தொடங்கிய நாள், முடியும் நாள் என்று மூன்று கோடுகள். மூன்று வாரமாகப் படிவம் பையிலேயே இருக்கிறது. இதற்குள் ஒரு முறை துவைத்தும் ஆகிவிட்டது.

கூடப் படித்தவர்கள் ஏழு பேர், ஏழு நாட்டுக்குத் திரும்பியவர்கள். அவர்களுடைய வாட்ஸப் குழுவில் இந்தப் படிவத்தைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. ஈஸ்ட்டுக்கு எப்படி வயதாகிறது என்று ஆறு வருடம் ஆராய்ந்தவள் இப்போது கேக் செய்து விற்கிறாள். நன்றாக உப்புகிறது என்கிறார்கள். இன்னொருவன் நுழைவுத் தேர்வுக்கு டியூஷன் எடுக்கிறான். ஒருவன் சுங்க அலுவலகத்தில் இருக்கிறான். முன்பு அவனுடைய என்சைம் பார்சலைப் பிரித்து வெயிலில் வைத்துக் கெடுத்த அதே அலுவலகம். ஒருத்தி மட்டும் பேராசிரியர். அவள் குழுவில் பேசுவதே இல்லை, நேரமில்லையாம்.

உதவித்தொகை வாங்கும்போது எல்லோரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்: படிப்பு முடிந்ததும் தாய்நாடு திரும்பி என் அறிவை நாட்டுக்கு அளிப்பேன். சயின்டிஸ்டும் சொன்னபடி வந்தார். நாடு தலையைத் தூக்கிப் பார்த்து, "யாரு?" என்று கேட்டது. கல்லூரியில், இவ்வளவு படித்தவர் இங்கே தங்கமாட்டார் என்றார்கள். ஆய்வு நிறுவனத்தில், வயது வரம்பை எட்டு மாதம் தாண்டிவிட்டீர்கள் என்றார்கள். அந்த எட்டு மாதமும் அவர்கள் விண்ணப்பத்தைப் பிரிக்க எடுத்துக்கொண்ட காலம்தான். அதைச் சொல்லி என்ன பயன்?

இன்று காலை மாமனார் வேறு. முட்டியில் கையை வைத்துக்கொண்டு, "மாப்ள, இதுக்கு ஒண்ணும் கண்டுபிடிக்கலையா இன்னும்?" என்று கேட்டார். மாப்பிள்ளை ஏதோ பெரிய மருந்து கண்டுபிடித்துக்கொண்டிருப்பதாக அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். மனைவிதான், "அப்பா, அவர விடுங்க. அவருக்கு இன்னைக்குப் பெரிய வேலை இருக்கு," என்றாள். பெரிய வேலை என்று அவள் சொன்னபோது சயின்டிஸ்ட் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். முதலாளி வாங்கிக் கொடுத்த டீயைப் பற்றி அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார்.

லேப் இரண்டாவது மாடியில். லிஃப்ட்டில் "பழுது" என்று எழுதிய அட்டை தொங்கியது. அட்டையே பழசாகி நைந்திருந்தது. இருபத்தெட்டு கிலோ இயந்திரத்தை இரண்டு பேரும் தூக்கினார்கள். முதல் மாடியில் டார்கெட், "சார், உங்க பட்டத்த இந்தப் பக்கம் புடிங்க, என் டார்கெட்ட நான் புடிச்சுக்கறேன்," என்றான். சிரித்ததில் இருவருக்கும் பிடி தளர்ந்து, இயந்திரம் ஒரு படி தானாக இறங்கப் பார்த்தது. அதன் பிறகு மேலே போகும்வரை பேசவில்லை.

லேப்பை நடத்தும் டாக்டரம்மா ஐம்பதைக் கடந்தவர். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். "நீங்களும் டாக்டராமே," என்றார்.

"ஊசி போடற டாக்டர் இல்ல மேடம்."

"நல்லது. ஊசி போடறவங்க இங்க நிறைய." கண்ணாடி தலையில் அகப்பட்டது. "இங்க வர்ற சளி சாம்பிளெல்லாம் காசநோய் டெஸ்ட்டுக்கு வெளிய அனுப்பறோம். ரிசல்ட் வர வாரமாகுது. அதுக்குத்தான் மெஷின் பாக்கறேன். நாலு கம்பெனி வந்து காட்டிட்டுப் போயாச்சு. நீங்க அஞ்சாவது. பாப்பா எல்லாம் எடுத்துக் குடுப்பா." பக்கத்து அறைக்குப் போய்விட்டார்.

பாப்பா என்பது லேப் டெக்னீஷியன். முப்பது வயது இருக்கும். நாலு நோயாளிகளின் மாதிரியிலிருந்து பிரித்து வைத்த மரபணுவை, சுத்தமாகப் பெயர் ஒட்டிய நாலு டியூபில் தயாராக வைத்திருந்தாள். சயின்டிஸ்டுக்கு அதைப் பார்த்ததுமே மனது கொஞ்சம் ஆறியது. ஒழுங்காக ஒட்டிய லேபிளைப் பார்த்தால் அவருக்கு எப்போதும் அப்படித்தான்.

அறை கொதித்தது. "ஏசி மூணு நாளா மூச்சு விடல சார்," என்றாள். அவர் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. அவள் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் போய் ஃபேனைப் போட்டுவிட்டாள்.

காற்று வந்து கழுத்தில் பட்டது. சயின்டிஸ்ட் அப்படியே கண்ணை மூடினார். காலையிலிருந்து, இல்லை, கொஞ்ச நாளாகவே, ஒருவர் அவருக்காகக் கேளாமல் செய்த காரியம் அது ஒன்றுதான். அணைக்கச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தெரியாதவர் இல்லை. சொல்லவில்லை.

இந்த வேலையில் மூன்று வகை டியூப் உண்டு. நோயாளிகளுடையது ஒரு வகை. கிருமியின் மரபணு நிச்சயமாக இருக்கிற ஒன்று, இயந்திரம் கண்டுபிடிக்கிறதா என்று பார்க்க. கடைசியாக ஒன்றில் வெறும் தண்ணீர். அதில் எதுவும் இருக்கக் கூடாது. இயந்திரம் இல்லாததை இருப்பதாகச் சொல்கிறதா என்று பார்ப்பதற்கு அது. கிருமி டியூபைத் திறக்கும் முன் மற்ற எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும், காற்று அசையக் கூடாது என்பதெல்லாம் முதல் வருட மாணவனுக்கே மனப்பாடம். சயின்டிஸ்ட் அன்று ஃபேனுக்கு நேர் கீழே, தண்ணீர் டியூபை மூடாமல், கிருமி டியூபைத் திறந்தார். கழுத்தில் காற்று பட்டுக்கொண்டே இருந்தது.

ஒன்றரை மணி நேரம். இயந்திரம் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, நாற்பது சுற்று ஓட வேண்டும். கிருமி இருந்தால் திரையில் கோடு மேலே ஏறும். இல்லாவிட்டால் தரையோடு படுத்துக் கிடக்கும். இரண்டு நோயாளிகளின் கோடு ஏறியது, இரண்டு ஏறவில்லை. டார்கெட் டாக்டரம்மாவிடம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தாறாவது சுற்றில், படுத்துக் கிடந்த ஒரு கோடு தலையைத் தூக்கியது.

சயின்டிஸ்ட் குனிந்து பார்த்தார். தண்ணீர்.

"என்ன சார், தண்ணிக்கு டிபியா?" என்றான் டார்கெட்.

சயின்டிஸ்ட் நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தார். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. டார்கெட்டுக்கு வேறெதுவும் புரியாவிட்டாலும் அந்த முகம் புரிந்தது. பக்கத்தில் வந்து காதோரம் சொன்னான். "ஸ்கிரீன்ல அந்த டியூபோட கட்டத்துல டிக்க எடுத்தா கோடு மறைஞ்சிடும். நீங்கதான் எனக்குக் கத்துக்குடுத்தீங்க."

"பழுதான டியூப ஒதுக்கறதுக்கு அது."

"இதவிடப் பழுது என்ன சார் வேணும்? பேஷன்ட் ரிசல்ட்டெல்லாம் சரியாத்தானே வந்திருக்கு?"

"சரின்னு இப்ப எப்படிச் சொல்ல முடியும்? தண்ணிக்குள்ள போனது அவங்க டியூபுக்குள்ள போயிருக்காதா?"

"சார்." டார்கெட் கெஞ்சவில்லை. களைத்துப் போய்ச் சொன்னான். "நெஜமாவே டீச்சர் வேலையில இருக்க வேண்டிய ஆளு சார் நீங்க. இந்த ஒரு தடவ."

மௌஸ் கைக்குக் கீழேதான் இருந்தது. ஒரு சொடுக்கு. வெளிநாட்டில் ஒரு முறை தண்ணீர் டியூப் இப்படித்தான் ஏறியது. இரண்டு மாத வேலையை அவரே வாரிக் குப்பையில் போட்டார். அன்று அவருக்கு இருபத்தெட்டு வயது, குப்பையில் போட இன்னும் நிறைய மாதங்கள் இருந்தன. இப்போது யோசித்தால், ஒன்பது வருடத்தில் உருப்படியாகக் கற்றது இது ஒன்றுதானோ என்று தோன்றியது. இதற்குப் போய் விமானமெல்லாம் ஏறியிருக்க வேண்டுமா என்றும் தோன்றியது.

டாக்டரம்மா உள்ளே வந்தார். சயின்டிஸ்டின் கை மௌஸை விட்டு எழுந்தது.

"மேடம், இந்த ரன் செல்லாது. தண்ணி டியூப் ஏறியிருக்கு. மறுபடி போடணும்."

"மெஷின்ல கோளாறா?"

"மெஷின்ல இல்ல. என்கிட்ட. ஃபேனுக்குக் கீழ வச்சு டியூபத் திறந்துட்டேன்."

டாக்டரம்மா மேலே பார்த்தார். "ஃபேன யாரு போட்டது?"

டெக்னீஷியனின் கை கோட்டுப் பையிலிருந்து வெளியே வந்து, எங்கே போவதென்று தெரியாமல் நின்றது.

"நான்தான் போடச் சொன்னேன்," என்றார் சயின்டிஸ்ட். "வேர்த்துக் கொட்டுச்சு." உண்மை சொன்ன கையோடு ஒரு பொய்யும் சொல்லிவிட்டார். இரண்டையும் சேர்த்து அன்றைய கணக்கு நேராகிவிட்டது என்று டார்கெட் நினைத்திருக்கலாம். அவன் ஏற்கெனவே வயரைச் சுருட்ட ஆரம்பித்திருந்தான்.

டாக்டரம்மா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "இதுக்கு முன்ன வந்த நாலு பேருக்கும் தண்ணி ஏறலையே, பாப்பா?"

"அவங்க தண்ணியே வைக்கல மேடம்," என்றாள் டெக்னீஷியன். "எல்லா ஓட்டையிலயும் பேஷன்ட்தான்."

ஃபேன் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. டாக்டரம்மாவே போய் அதை அணைத்தார்.

"ஒரு ஆளுக்கு நோய் இருக்குன்னு எழுதினா ஆறு மாசம் மாத்திரை," என்றார், யாரிடம் என்றில்லாமல். பிறகு சயின்டிஸ்டிடம்: "வியாழக்கிழமை வாங்க. ஏசிய சரி பண்ணி வைக்கிறேன். வாங்கறேன்னு நான் சொல்லல."

"சரி மேடம்."

"வர்றப்ப ரெண்டு தண்ணி டியூப் வைங்க."

இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது டெக்னீஷியன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?"

"ஃபேன் நல்லா இருந்துச்சும்மா," என்றார் சயின்டிஸ்ட். மூச்சு வாங்கியது.

திரும்பும் வழியில், சிக்னலில் நின்றபோது டார்கெட் முதலாளியைக் கூப்பிட்டான். "இல்ல சார், ஊத்திக்கல. பாதி முடிஞ்சிருக்கு. டாக்டரம்மாவுக்கு நம்ம சயின்டிஸ்ட ரொம்பப் புடிச்சுப் போச்சு... ஆமா சார், மீதி வியாழக்கிழம... நெஜமாத்தான் சார்." கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தான். கண்ணாடியில் பார்த்தான்.

"வியாழக்கிழம வரைக்கும் நீங்க இருக்கலாமாம்."

"நீ ஏன்பா பொய் சொன்ன?"

"நீங்க மட்டும் சொல்லலாமா?" என்றான் டார்கெட்.

மனைவியிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது: என்னாச்சு? வீட்டுக்கு வந்து சொல்கிறேன் என்று எழுதப் போனவர் அழித்துவிட்டு, "பாதி" என்று அனுப்பினார். உடனே பதில் வந்தது: "பாதியா இருந்தா பரவால்ல. அப்பாகிட்ட முழுசுன்னு சொல்லிடறேன்."

ஐஸ் பெட்டியை மேசையாக்கி, சயின்டிஸ்ட் படிவத்தைப் பிரித்தார். துவைத்ததில் மடிப்புகள் பஞ்சாகியிருந்தன. பல்கலைக்கழகம், ஆய்வு நிறுவனம், தொழில்துறை, மற்றவை என்று நாலு கட்டம். "மற்றவை"யில் டிக் போட்டார். தற்போதைய பணி என்ற இடத்தில், கொஞ்சம் யோசித்து, "தண்ணீர் டியூப் வைத்துப் பார்ப்பது" என்று எழுதினார். படித்துப் பார்த்தபோது பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று வாரத்தில் பேனா அந்தக் கோட்டைத் தொட்டது இதுவே முதல் முறை என்பதால் அடிக்கவில்லை.

முடியும் நாள் என்ற கோட்டில், வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் எழுத்து கோணலாகிப்போக, "வியாழக்கிழமை" என்று எழுதினார். தேதி போடவில்லை. எந்த வியாழக்கிழமை என்று பல்கலைக்கழகமே எழுதிக் கேட்கட்டும்.