கெடாத கோந்து

திருவொற்றியூர் பக்கம் இருந்த அந்தக் கம்பெனியில் லேபிள் ஒட்டும் கோந்து காய்ச்சினார்கள். மரவள்ளி மாவைக் கொப்பரையில் காய்ச்சி ஆறவிட்டு, கெடாமல் இருக்க ஒரு மருந்தையும் கலந்து பீப்பாயில் அடைப்பார்கள். நல்ல கோந்து மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். அந்தக் கோடையில் மட்டும், போன பீப்பாய்கள் எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. திறந்தால் கோந்து கஞ்சித் தண்ணியாக நீர்த்திருந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது.

முதலாளிக்குக் காரணம் தேடப் பொறுமை ஏது? ஆள் கிடைத்தால் போதும்.

"கொப்பரை கழுவுறவன் சோம்பேறி. இன்னும் ஒரு பீப்பாய் திரும்பட்டும், அவன் சீட்டைக் கிழிச்சுடுறேன்" என்று எல்லார் முன்னாலும் கத்தினார்.

கொப்பரையைக் கழுவுவதும், ஆறிய கோந்தைப் பீப்பாயில் அடைப்பதும் வால்டர் வேலை. ராயபுரத்துக்காரன். அப்பன் காலம்வரை கடலுக்குப் போன குடும்பம். அவனைப் போய்ச் சோம்பேறி என்றது அநியாயம். கை பொத்துப்போகும் அளவுக்கு வெந்நீர் ஊற்றி, நார் வைத்துத் தேய்க்கிறவன் அவன். ஆனால் முதலாளியை எதிர்த்தால் வேலை போகும். வேலை போனால் கம்பெனி கொடுத்த ஆஸ்பத்திரி அட்டையும் போய்விடும். வீட்டில் அவன் மகள் எல்சி, நடக்கப் பழகின பிள்ளை, வயிற்றுப்போக்கு நிற்காமல் துணியாகத் துவண்டு கிடந்தாள். அந்த அட்டைக்குக் கிடைக்கும் மருந்தில்தான் அவள் உயிர் இருந்தது.

அவன் மனைவி ஹில்டா அந்த மருந்தோடு நிற்கவில்லை. மாதா படத்துக்கு முன்னால் ஒரு புட்டியில் கோயில் தீர்த்தம் இருக்கும். தினம் காலையில் அதில் ஒரு ஸ்பூன் குழந்தைக்குக் கொடுப்பாள். தீர்த்தத்தைக் கீழே கொட்டுவது பாவம். அதனால் குறையக் குறைய மேலேதான் ஊற்றுவார்கள். அந்தப் புட்டி காலியானதும் கிடையாது, கழுவியதும் கிடையாது.

கம்பெனி கெமிஸ்ட் குணசேகரன் நியாயமான மனிதர். அவர் காரணத்தைக் கண்டுபிடிக்க, கோந்தைச் சின்னச் சின்னப் பாட்டில்களில் ஊற்றினார். ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் பழைய மாவு, ஒன்றில் பீப்பாய் வழித்த அழுக்கு என்று வேண்டுமென்றே கலந்து, பல்பு எரியும் பெட்டிக்குள் கதகதப்பாக வைத்தார். எல்லாவற்றையும் கோந்தில் கலந்த மருந்து தாங்கியது. ஒரு பாட்டிலும் கெடவில்லை. கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு கொப்பரைப் பக்கத்திலேயே போய் நின்றார்.

ஆறிய கோந்தை அடைக்கும் முன் வால்டர் மடியிலிருந்து ஒரு குப்பியை எடுத்தான். சிலுவை போட்டுக்கொண்டு, கோந்தின் மேல் தெளித்தான்.

"என்னப்பா அது?"

"தீர்த்தம் சார். வூட்ல மாதா படத்தாண்ட கீற புட்டிலேர்ந்து எட்த்தாந்தேன், கொறையக் கொறைய மேலயே ஊத்திக்கினு வர்றது. புது படகு கடலுக்குப் போறப்ப தெளிப்போம். இந்தக் கோடைல புதுக் கொப்பரை வந்ததுலேர்ந்து இதுக்கும் தெளிக்கிறேன். கோந்து கெட்டுக்கினே கீது, அதான் இப்பல்லாம் கொஞ்சம் ஜாஸ்தியாவே வுடுறேன்."

குணசேகரன் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. குப்பியை வாங்கி, நல்ல கோந்து இருந்த பாட்டிலில் சில சொட்டு விட்டுப் பெட்டிக்குள் வைத்தார்.

அடுத்த வாரம் வால்டரைக் கூப்பிட்டார். பக்கத்தில் இருந்த பாட்டில்கள் எல்லாம் தெளிவாக இருந்தன. தீர்த்தம் விட்டதில் மட்டும் மேலே பச்சைப் பூசணம். அடியில் வெறும் தண்ணீர். மூடியைத் திறந்ததும் அதே பீப்பாய் நாற்றம்.

"தண்ணி மேல குத்தமில்லப்பா. பழசு மேலேயே புதுசு ஊத்தி, உள்ள கிருமி ஊறிப்போயிருக்கு. நம்ம மருந்துக்கே அது அடங்கல. உன் கழுவல்ல ஒரு குறையும் இல்லைன்னு முதலாளிகிட்ட சொல்லிட்டேன். இனிமே தெளிக்காதே, போதும். உன் வேலைக்கு ஆபத்தில்லை."

நல்ல சேதி சொன்ன சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. வால்டர் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சார், மருந்து போட்ட கோந்தயே இத்து இப்டி பண்ணுதே, தெனம் இத்தயே குடிக்கிற எங்கொயந்த வயித்த இன்னா சார் பண்ணும்?"

குணசேகரனின் முகம் வெளுத்தது. "உடனே வீட்டுக்குப் போ" என்றார்.

வால்டர் போனபோது ஹில்டா ஸ்பூனோடு குழந்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் புட்டியை எடுத்துச் சாக்கடையில் கவிழ்த்தான்.

"அடப்பாவி! தீர்த்தத்தப் போய் சாக்கடைல கொட்றியே! இன்னாயா ஆச்சு ஒனக்கு?"

"கெட்டுப் பூட்ச்சு ஹில்டா."

"தீர்த்தம் கெடுமா? இதாலதான்யா எம்பொண்ணு இன்னும் மூச்சு வுட்டுகினு கீறா!"

அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். வயிறு ஏற்கெனவே புண்ணாகிவிட்டது என்றார்கள். எல்சி அந்த வாரம் தாண்டவில்லை.

காசிமேட்டுக் கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது ஹில்டா நடு ரோட்டில் நின்றாள்.

"நீ கொட்டாம இருந்தா எம்பொண்ணு பொயச்சிருப்பாளே. நீதான்யா கொன்ன."

குணசேகரன் காட்டிய பாட்டிலைப் பற்றி அப்போது அவன் சொல்லியிருக்கலாம். பாதி வார்த்தை வாய்க்கு வந்தும்விட்டது. ஆனால் தினம் காலையில் அந்த ஸ்பூனைப் பிடித்தது யார் கை? இதைச் சொல்லிவிட்டால் அந்தக் கையை வைத்துக்கொண்டு அவள் எப்படி வாழ்வாள்? பெற்ற வயிறு அதைத் தாங்காது என்று அவனுக்குத் தெரியும்.

"ஆமா ஹில்டா. நான்தான்" என்றான்.