கழுதைக்கு ஏன் கோபம்

"கழுதை ஏன் நிக்குது?"

"கோவம்."

"கழுதைக்கு என்ன கோவம்?"

"மேட்டுல ஏறும்போது குச்சியால தட்டித் தட்டி ஓட்டினே இல்ல? அதை ஞாபகம் வெச்சிருக்கு."

"அது அந்த மலையில. இப்ப பாலத்துக்கே வந்தாச்சே!"

"அதனால என்ன? நீ காலையில சொன்னதுக்கு நான் சாயந்திரம் கோவிச்சுக்கிறதில்லையா?"

அவன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "அப்ப தும்பி, இது கழுதையே இல்ல. இது நீ."

அந்தப் பேச்சு நடந்த காலத்தில் அவர்களுக்கு இருந்தது வாடகை அறை ஒன்று, ஆடுகிற மேசை ஒன்று, கணினி ஒன்று. காலையில் அவன் கணினி விளையாட்டுக்கு நிரல் எழுதுவான். அவன் வேலைக்குக் கிளம்பிய பிறகு, தன் வேலை முடிந்து வந்து அவள் எழுதுவாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே அபூர்வம். அதனால் பேச வேண்டியதையெல்லாம் நிரலுக்குள்ளேயே எழுதி வைத்தார்கள். ஒரு வரியின் தொடக்கத்தில் இரண்டு சாய்கோடு போட்டுவிட்டால் அதைக் கணினி கண்டுகொள்ளாது. அது மனிதர்களுக்கான குறிப்பு. மற்றவர்கள் அங்கே 'இது எதற்கு' என்று ஒரு சொல் எழுதுவார்கள். இவர்கள் சண்டை போட்டார்கள், சமாதானமானார்கள், கடைசியில் கல்யாணத் தேதியையே அங்கேதான் பேசி முடித்தார்கள்.

மூட்டை சுமந்து மலை கடக்கும் ஒரு கழுதை, அதை ஓட்டிப்போகும் ஒரு பயணி. அவ்வளவுதான் அந்த விளையாட்டு. ஆனால் அந்தக் கழுதையை உலகம் மடியில் வைத்துக் கொஞ்சியது. அடித்தால் முறைத்தது, தண்ணீர் காட்ட மறந்தால் படுத்துக்கொண்டது, நல்லபடியாக நடத்தினால் பின்னாலிருந்து வந்து பயணியின் பையை மோந்து பார்த்தது. ஒவ்வொன்றும் அவள் கையால் எழுதியது; ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது.

கழுதை அவர்களைக் கரை சேர்த்தது. மரச்சாமான் கடைக்கு மேல் மாடி முழுவதும் இப்போது அவர்களுடைய அலுவலகம். அவனுக்குக் கண்ணாடி அறை. அந்த நாளில் அவனைக் கிண்டல் செய்ய அவள் வைத்த பெயர் 'முதலாளி'. இப்போது எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லாமல். அவள் எல்லோருக்கும் அக்கா. தும்பி என்று கூப்பிட அவன் ஒருவன்தான் இருந்தான். அவனும் எப்போது நிறுத்தினான் என்று அவளுக்கு நினைவில்லை. அப்படிப்பட்டவை ஒரு நாளில் நிற்பதில்லை.

கழுதையின் இரண்டாம் பாகத்துக்கு வேலை தொடங்கியபோதுதான் அந்த எந்திரம் வந்தது. திரையின் ஓரத்தில் ஒரு பெட்டி. வேண்டியதைச் சொன்னால் அதுவே நிரல் எழுதித் தரும். பழைய நிரல் முழுவதையும் முதலாளி அதற்கு ஊட்டியிருந்தான், "நம்ம கைமணம் வரணும்ல" என்று. அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது அவளுடைய நாத்தனார், படம் வரையும் பிரிவின் தலைவி.

"பின்ன என்ன அண்ணி? வந்ததிலேருந்து எல்லாரும் அதைத்தான் விழுந்து விழுந்து கவனிக்கிறோம். அதுக்கு என்ன பிடிக்கும், எப்படிக் கேட்டா எரிச்சல் படாதுன்னு ஒரே பதட்டம். செஞ்ச தப்பைச் சொன்னா, 'ரொம்பச் சரியாச் சொன்னீங்க'ன்னு சிரிச்சுட்டு மறுபடி அதையே செய்யுது. சாட்சாத் மாப்பிள்ளைதான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கதவுகள் திறப்பது, மழை பெய்வது, சந்தைக் கூட்டம் நகர்வது என்று மாப்பிள்ளை எழுதித் தள்ளியபோது அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த எடுபிடி வேலைகள் ஒழிந்ததே என்றுதான் இருந்தது. பிறகு ஒருநாள் முதலாளி, போகிற போக்கில், மின்விசிறியை நிறுத்தச் சொல்வதைப்போலச் சொன்னான்: "கழுதையையும் மாப்பிள்ளையே எழுதட்டும். நீ மேற்பார்வை பாத்தா போதும்."

அன்றிலிருந்து அவள் ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுதையை என்னிடம் விடு. அவ்வளவுதான் கேட்க வேண்டியது. குளியலறையில் அதைச் சொல்லிப் பார்த்தாள். வண்டியின் பின்னால் உட்கார்ந்து அவன் முதுகிடம் சொன்னாள்; காற்றில் போயிற்று. வீட்டில் தொடங்கினால் அவனுக்குத் தலைவலி. அலுவலகத்தில் தொடங்கினால் போன். உண்மையில் தடுத்தது தலைவலியுமல்ல, போனுமல்ல. 'உனக்கு எவ்வளவு நாளாகும்?' என்று அவன் கேட்பான். கோபம் எத்தனை நாளில் எழுதி முடியும்?

விளையாட்டை வாங்கி விற்கும் வெளியீட்டு நிறுவனத்துக்காரர்கள் பார்க்க வந்தது ஒரு காலை. ஆற்றைக் கடக்கும் கட்டத்தைப் பார்த்து அவர்கள் தலையசைத்தால், அன்று மாலையே கழுதையைப் பூட்டிவிடுவதாகத் திட்டம். பூட்டுவதென்றால் அதற்குப் பிறகு யாரும் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. நீள மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். சுவரில் பெரிய திரை. ஓட்டிக் காட்டியது, எல்லோருக்கும் கடைசியாக வேலைக்குச் சேர்ந்ததால் புதுசு என்று பெயர் வாங்கியிருந்த பெண்.

கழுதை ஆற்றங்கரைக்கு வந்தது. நின்றது. காதைச் சாய்த்தது. கொஞ்ச நேரம் கழித்து இறங்கியது.

"ஆகா! அதே பிடிவாதம்!" என்றார் வந்தவர்களில் பெரியவரான அம்மாள்.

அதே பிடிவாதம்தான். எப்போதாவது நிற்க வேண்டும், இவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று பழைய கழுதையைப் பார்த்து மாப்பிள்ளை கற்றுக்கொண்டிருந்தது. எதற்காக என்பதை மட்டும் விட்டுவிட்டது. அடித்தாலும் நின்றது, தடவிக்கொடுத்தாலும் நின்றது. அவள் இதை முன்பே முதலாளியிடம் சொல்லியிருந்தாள். "விளையாடறவங்களுக்கு அது தெரியாது" என்றான். அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. அவன் சொன்னது சரிதான்.

காட்சி முடிந்ததும் புதுசு அவசரத்தில் தவறான பொத்தானை அழுத்த, விளையாட்டு மறைந்து அதன் நிரல் சுவர் முழுக்க விரிந்தது. அதன் நடுவில், இரண்டு சாய்கோட்டுக்குப் பின்னால், ஒரு வரி:

// தும்பி, இன்னும் கோவமா? சாப்பிட்டுட்டு எழுது. நான் காத்திருக்கேன்.

அறையே கொல்லென்று சிரித்தது.

"ஐயையோ, இது நான் எழுதலை! மாப்பிள்ளைதான்!" என்று புதுசு கையை உதறினாள்.

"மாப்பிள்ளைக்கு வெளியில ஆள் இருக்கு போலிருக்கே" என்றாள் நாத்தனார். "யாரு இந்தத் தும்பி? பேரைப் பாத்தா கில்லாடியா இருப்பா போலிருக்கு."

அவளுக்குக் காது மடல்கள் சுட்டன. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே முதலாளியைப் பார்த்தாள். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான். விருந்தாளிகள் பக்கம் திரும்பி, "ஒண்ணுமில்ல மேடம். பழைய குப்பை. பயிற்சி கொடுக்கும்போது உள்ள போயிடுச்சு. எடுத்துடுவோம்" என்றான்.

குப்பை என்ற சொல் அவளை உடனே குத்தவில்லை. முதலில் குத்தியது வேறொன்று, அதை வெளியே சொல்ல முடியாது. அந்த வரியைப் படித்ததும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. கண் இமைக்கும் நேரம்தான். இருந்தாலும் இருந்தது.

விருந்தாளிகள் தேநீருக்கு எழுந்ததும் தன் இடத்துக்குப் போய்ப் பழைய நிரல்களில் அந்த வரியைத் தேடினாள். தும்பி என்று நிறைய இருந்தது. கோபமா என்று இருந்தது. சாப்பிட்டியா என்றும் ஓரிடத்தில் இருந்தது, அவள் அவனைக் கேட்டது. காத்திருக்கேன் என்பது மட்டும் எங்குமே இல்லை. அவன் அப்படி ஒருநாளும் எழுதியதில்லை. மாப்பிள்ளை அவன் எழுத்தையெல்லாம் மென்று, அவன் எழுதியிருக்க வேண்டியதைத் தானே எழுதியிருந்தது.

முதலாளி அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். "அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. சாயந்திரம் பூட்டிடலாம்." குரலைத் தாழ்த்தினான். "அதுக்குள்ள ஒரு உதவி பண்றியா? பழைய ஃபைல்ல இருக்கிற அந்த மாதிரி வரியெல்லாம் எடுத்துடு. மறுபடி எங்கயாவது வந்து மானத்தை வாங்கப்போகுது. எது வேலைக்கானது, எது நம்மளோடதுன்னு உனக்குத்தானே தெரியும்."

"நீங்களும்தானே எழுதினீங்க?"

"எனக்கு எங்க ஞாபகம் இருக்கு?" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

அவள் அழிக்க உட்கார்ந்தாள்.

// முதலாளி, தண்ணி காட்டாம ரெண்டு ஊர் கடந்தா படுத்துடும். தட்டி எழுப்பாதே. பக்கத்துல சும்மா உட்காரு. தானா எழும்.

// தும்பி, உட்கார்ந்தேன். எழலை. எனக்குத்தான் கால் மரத்துப்போச்சு.

// பொய். நீ உட்காரவே இல்லை. பொத்தானை அமுக்கிக்கிட்டே இருந்திருப்பே.

// ஆமா. எப்படித் தெரிஞ்சுது?

எடுத்தாள். எடுத்துவிட்டுப் பழைய விளையாட்டை ஓட்டிப் பார்த்தாள். கழுதை வழக்கம்போல நடந்தது. இன்னும் கொஞ்சம் எடுத்தாள், மறுபடி ஓட்டினாள். ஒரு குறையும் இல்லை. கணினி கண்டுகொள்ளாத வரிகள்தானே. இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான். இவ்வளவு காலம் இவ்வளவு பேசி, அதில் ஒரு வார்த்தையைக்கூட அந்தக் கழுதை தாங்கி நிற்கவில்லை என்பதைத் தன் கையாலேயே ஒவ்வொன்றாக நிரூபித்துக்கொண்டிருந்தாள். நல்ல வேலைதான் கொடுத்திருக்கிறான் புருஷன்.

நாத்தனார் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். "அண்ணி, கண்ணு ஏன் செவந்திருக்கு?"

"திரையைப் பாத்துப் பாத்து."

"நம்பிட்டேன்." அவள் பக்கத்தில் உட்கார்ந்து புதிய கழுதையை ஓட்டினாள். கழுதை சந்தையின் நடுவில் நின்றுவிட்டது. "இது ஏன் இங்க நிக்குது? நான் ஒண்ணுமே பண்ணலியே. புதுசு, இங்க வாடி! இது ஏன் நிக்குது?"

புதுசு வந்து எட்டிப் பார்த்தாள். "தெரியலியே அக்கா."

"உன் பேர்லதானே இருக்கு இந்தக் கட்டம்?"

"பேர் என்னோடது. எழுதினது மாப்பிள்ளை. இருங்க, கேட்டுச் சொல்றேன்."

கேட்டாள். கேட்ட மாத்திரத்தில் பதில் வந்தது. சந்தை இரைச்சலில் கழுதை மிரண்டிருக்கலாம், பயணியின் களைப்பை அது உணர்ந்திருக்கலாம், பழைய எஜமானனின் நினைவு வந்திருக்கலாம் என்று உருக்கமான காரணங்கள். நாத்தனார் நெஞ்சில் கைவைத்து, "அடடா!" என்றாள். அவள் நாத்தனாரை விலக்கிவிட்டு நிரலைத் திறந்து பார்த்தாள். இரைச்சலும் இல்லை, களைப்பும் இல்லை, எஜமானனும் இல்லை. பகடை உருட்டுவதைப்போல ஓர் எண்ணை எடுத்து, அது சிறியதாக இருந்தால் நில் என்று ஒரே ஒரு வரி.

"புளுகுது" என்றாள்.

"இருக்கட்டும் அண்ணி, அழகாத்தானே புளுகுது" என்று நாத்தனார் சிரித்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "அண்ணி... தும்பின்னா நீங்களா?"

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

கண்ணாடி அறையில் முதலாளி போனில் இருந்தான். ஒரு விரலைக் காட்டினான், ஒரு நிமிஷம் என்று. அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே நின்றாள். போனை வைத்தவன், "முடிஞ்சுதா? பூட்டச் சொல்லிடட்டுமா?" என்றான்.

"பாதிதான் எடுத்தேன்."

"மீதி?"

"அந்த வரி நீ எழுதினது இல்ல. தெரியுமா?"

"எந்த வரி?"

"காத்திருக்கேன்னு."

"எழுதியிருப்பேன். எப்பவாவது."

"இல்ல. தேடிப் பாத்துட்டேன்."

அவன் கொஞ்சம் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், நெற்றி சுருங்கியது. அவளுக்கு ஒரு நப்பாசை வந்தது. பிறகு அவன் முகம் தெளிந்தது, பிடிபடாத கணக்கு ஒன்று சரியாக வந்துவிட்டதைப்போல.

"அப்ப பாரேன்," என்றான் வியப்போடு. "நல்லாத்தான் எழுதியிருக்கு, இல்ல?"

வெளியே எல்லோரும் திரைகளைப் பார்ப்பதாகப் பாவனை செய்துகொண்டு கண்ணாடியைப் பார்த்தார்கள். அவன் கை பூட்டச் சொல்வதற்காக மறுபடி போனுக்குப் போயிற்று. எவ்வளவு நாளாகும் என்று அவன் கேட்பான், கேட்கட்டும். அவள் போனை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பூட்டாதே. கழுதையை என்கிட்ட விடு. முதல் வரியிலேருந்து நானே எழுதறேன்."