விரிசல் விழுந்த அசுவினி

பெரம்பலூர் வட்டாரத்தில் ஜூனிப்பர் மரம் கிடையாது. ஆனாலும் அந்த மரத்தின் சாற்றை உறிஞ்சும் இரண்டு அசுவினிப் பூச்சிகளைப் பிரித்துச் சொல்லாமல், 2003இல் அந்தத் தனியார் கல்லூரியில் எவனும் விலங்கியல் பட்டம் வாங்க முடியாது. கல்லூரி தொடங்கியபோது யாரோ மொத்தமாக வாங்கிப் போட்ட கண்ணாடி ஸ்லைடுகளில் அவை இரண்டும் இருந்தன. ஸ்லைடு இருந்ததால் பாடமும் இருந்தது.

லப்பைக்குடிக்காட்டு காமில் போன தடவை செய்முறைத் தேர்வில் கோட்டை விட்டவன். முந்தின நாள் ஷார்ஜாவிலிருந்து அத்தா போன் போட்டார். "இந்தத் தடவையும் போச்சுன்னா படிச்சது போதும். மாமா கடையில தயிர் டப்பா அடுக்க ஆள் வேணுமாம். விசா ரெடி."

பயத்தில் காமில் செய்யக்கூடாத காரியம் ஒன்றைச் செய்தான். புத்தகத்தைப் படித்தான். பூச்சியின் முதுகில் வளைந்த கறுப்புப் பட்டைகள் இருந்தால் ஃப்ரெசாய் இனம். வெறுமனே இருந்தால் ஜூனிபெரி.

காலையில் ஆய்வக வாசலில் கூடப் படிக்கும் அனஸ் தோளில் தட்டினான். "என்னடா மாப்ள, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? ஸ்லைடு மூலையில விரிசல் இருந்தா ஜூனிபெரி. இல்லன்னா ஃப்ரெசாய். சீனியருங்க காலத்துலேருந்து இதான்டா விலங்கியல்."

உள்ளே மைக்ரோஸ்கோப்பின் கீழ் விரிசல் ஸ்லைடுதான் இருந்தது. ஒவ்வொருவரும் மரியாதைக்குக் குனிந்து, தன் இமை மயிரைத் தானே தரிசித்துவிட்டு, ஜூனிபெரி என்று எழுதிவிட்டுப் போனார்கள். காமிலின் போதாத காலம், குனியும்போது கை பட்டு, ஃபோகஸ் செய்யும் திருகு கொஞ்சம் திரும்பிவிட்டது. பூச்சி தெரிந்தது. முதுகில் கரியால் இழுத்த மாதிரி வளைந்த பட்டைகள்.

ஃப்ரெசாய் என்று எழுதினான்.

தாளை வாங்கிய துறைத்தலைவர் மரிய ஆல்பர்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்ப்பா, விரிசல் உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது சார். பட்டையும் தெரிஞ்சுது."

"எதுல?"

"மைக்ரோஸ்கோப்புல சார்."

"அதுல எதுக்குப்பா பாத்த?"

அரியலூரிலிருந்து வந்திருந்த வெளித்தேர்வாளர் காசிநாதன் போண்டாவை வைத்துவிட்டு, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"ஆல்பர்ட், பையன் சொல்றது சரிங்க."

"அப்ப மொத்த வகுப்பும் ஃபெயிலுங்களா?"

"வகுப்பு மட்டுமா? வருசா வருசம் நான் வந்து பாஸ் போட்டதெல்லாம்?"

காசிநாதன் காமிலைப் பக்கத்தில் அழைத்தார். குரலில் தேன் ஒழுகியது.

"தம்பி, பூச்சி செத்து எவ்வளவோ காலமாச்சு. இனிமே அதுக்கு எந்தப் பேரு வெச்சா என்ன? உன் பேருக்குப் பின்னால பட்டம் வேணுமா, வேண்டாமா?"

காமிலின் கண்முன் தயிர் டப்பாக்கள் வரிசை கட்டி நின்றன. பேனாவை வாங்கி, ஃப்ரெசாயை அடித்துவிட்டு ஜூனிபெரி என்று எழுதினான்.

"முதுகுல பட்டை இல்லைன்னு காரணமும் எழுதிடுப்பா," என்றார் ஆல்பர்ட். அதையும் எழுதினான்.

பட்டச் சான்றிதழ் வாங்க வந்த அன்று, இரண்டாம் ஆண்டு ருமைசா அவனை மறித்தாள். "காமில் அண்ணே, இந்த அசுவினியை எப்படிண்ணே கண்டுபிடிக்கிறது?"

"விரிசல் இருந்தா ஜூனிபெரிம்மா."

இரண்டடி நடந்தவன் மனசு கேட்காமல் திரும்பினான். "அந்தத் திருகுல மட்டும் கை பட்டுடாமப் பாத்துக்க."